கண்டதும் சொன்னதும்: தொழிற்சாலை விபத்து விசாரணை கற்றுத்தந்தவை

தொழிற்சாலையில் விபத்து நடந்தால், அதைக் கண்டவர்கள் சொல்வதே விசாரணைக்கு முதல் ஆதாரம். பிரஸ் இறங்கியபோது கை எங்கே இருந்தது, ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்ததா, ரிசெட் பட்டனைத் தொட்டது யார் என்ற கேள்விகளுக்கு முதலில் மனிதர்களிடம்தான் விடை தேட வேண்டியிருக்கிறது. அந்த விடைகள் எப்படி உருவாகின்றன, நாள் செல்லச் செல்ல எப்படி மாறுகின்றன, எப்போது எப்படிக் கேட்டால் உண்மைக்கு அருகே நிற்கும் என்பதை அறிவது பாதுகாப்பு அலுவலரின் அடிப்படைத் திறன். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம்-வடகால், ஒரகடம் என நீளும் தொழில் வழித்தடத்தில் இந்தப் பணியைச் செய்தவர்களின் அனுபவமும், நினைவைப் பற்றிய உளவியல் ஆய்வுகளும் பெரும்பாலும் ஒரே முடிவில் வந்து சேர்கின்றன. மனிதர் பொய் சொல்லாமலேயே நடக்காததைச் சொல்ல முடியும். அதை அறியாத விசாரணை, அடிபட்டவர் மீதே பழியை ஏற்றிவிடும்.

களமும் சட்டமும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் வந்தன. பெரிய ஆலை ஒவ்வொன்றையும் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு, நடுத்தர ஆலைகள் முளைத்தன. தகட்டை வெட்டி வளைக்கும் பிரஸ் ஷாப், அலுமினிய வார்ப்பு, பிளாஸ்டிக் மோல்டிங், ரப்பர், வெல்டிங், பெயின்ட் ஷாப் என்று வேலை பல வகை. வேலை செய்பவர்களிலும் பல வகை உண்டு. நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் ஆள், டிரெய்னி, அப்ரண்டிஸ் என்று ஒரே லைனில் நான்கு விதமான ஆட்கள் நிற்பார்கள். தமிழகத்தின் வட, தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவரும் சேர்ந்திருப்பார்கள்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆயிரம் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று 40பி பிரிவில் வகுத்தது. உயிரிழப்பு நேர்ந்தாலோ, காயத்தால் ஒருவர் 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வர இயலாமல் போனாலோ அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 88ஆம் பிரிவு. அந்த அறிக்கையில் விபத்தின் காரணத்தைச் சில வரிகளில் எழுத வேண்டும். அந்தச் சில வரிகளைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு கோப்பு மூடப்படும். ‘ஷீட் சிக்கினால் எடுப்பதற்கு வேறு வழி இல்லை’ என்று எழுதினால் மெஷினுக்குத் தடுப்பு வரும். இரண்டில் எது எழுதப்படும் என்பதை, பெரும்பாலும், கண்டவர்களின் பேச்சைக் கேட்ட விதமே முடிவு செய்கிறது.

அந்த நொடியில் மனம் பார்ப்பது

ஆபத்து நிகழும் கணத்தில் கவனம் குறுகுகிறது. பயமுறுத்தும் பொருளின் மீது பார்வை நிலைகுத்தி நிற்க, சுற்றியுள்ளவை மங்குகின்றன. துப்பாக்கியைக் கண்ட சாட்சி அதைத் துல்லியமாக விவரித்து, பிடித்திருந்தவரின் முகத்தைச் சொல்ல முடியாமல் திணறுவதை உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். பிரஸ் ஷாப்பிலும் இதுவே நடக்கிறது. பக்கத்து மெஷினில் நின்றவர் ரத்தத்தையும், கத்திய சத்தத்தையும், கிழிந்த கையுறையையும் விவரமாகச் சொல்வார். மெஷின் ஆட்டோ மோடில் ஓடியதா, தனித்தனி ஸ்ட்ரோக்கில் ஓடியதா என்று கேட்டால் தயங்குவார். விசாரணைக்குத் தேவை இந்த இரண்டாவது விவரம். நினைவில் பதிந்திருப்பதோ முதலாவது.

இந்த இடைவெளியைப் பழக்கம் வந்து நிரப்புகிறது. நாள்தோறும் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தியே பிரஸ்ஸை இயக்கியவர், அன்றும் அப்படித்தான் செய்ததாக உறுதியாகச் சொல்வார். அதைப் பொய் என்று கருதக் கூடாது. ஆயிரம் முறை செய்த செயலின் வடிவம், பதிவாகாமல் போன அந்த ஒரு முறையின் இடத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. இங்கிலாந்து உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் காட்டினார். பழக்கமில்லாத ஒரு கதையை வாசித்தவர்கள் அதைத் திரும்பச் சொன்னபோது, புரியாத பகுதிகள் உதிர்ந்து, தங்களுக்குப் பழகிய வடிவுக்குக் கதை மாறியிருந்தது. நினைவு எடுத்துப் பார்க்கும் பொருளாக இல்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் புதிதாகக் கட்டப்படுகிறது.

நேரக் கணக்கும் இப்படித்தான். ‘மெஷின் மெதுவா இறங்குன மாதிரி இருந்துச்சு சார், கையை இழுக்கத்தான் முடியல’ என்று அடிபட்டவர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவில் செஸ் ஸ்டெட்சன், டேவிட் ஈகிள்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்க உதவுகிறது. 31 மீட்டர் உயரத்திலிருந்து, கீழே வலை விரித்து, ஆட்களை விழச் செய்தார்கள். மற்றவர் விழுவதைப் பார்த்தபோது கணித்த நேரத்தைவிடத் தங்கள் வீழ்ச்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக நீடித்ததாக அவர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது கண் வழக்கத்தைவிட வேகமாகப் பார்த்ததா என்று மணிக்கட்டில் கட்டிய ஒரு கருவியால் சோதித்தபோது, அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தது. அந்தக் கணத்தில் நேரம் நீளவில்லை. திரும்பிப் பார்க்கும்போதுதான் நீளமாகத் தெரிந்தது. ஆகவே ‘ஐந்து செகண்டு இருக்கும்’ என்ற வாக்கை வைத்து, கையை எடுக்க அவருக்கு அவகாசம் இருந்தது என்று முடிவு செய்வது பெரிய பிழை. பிரஸ் இறங்கும் நேரம் மெஷினின் வேகக் கணக்கில் இருக்கிறது. அதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

முதல் சில மணி நேரம்

விபத்துக்குப் பின் லைன் நிற்கிறது. அடிபட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியதும், நின்றவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். கேன்டீனில் பேச்சு, டீ பிரேக்கில் பேச்சு, ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் வாலாஜாபாத் சாலை முழுக்க அதே பேச்சு. பேசுவது இயல்பு, தேவையும்கூட. ஆனால் அந்தப் பேச்சில்தான் தனித்தனியாகக் கண்டவை ஒன்றாகக் கலக்கின்றன.

ஃபியோனா காபர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இந்தக் கலப்பை அளந்தது. ஒரே நிகழ்வை இரண்டு கோணங்களில் படமெடுத்து, இருவருக்கு ஆளுக்கு ஒரு கோணத்தைக் காட்டி, பிறகு இருவரையும் பேசவிட்டார்கள். அப்படிப் பேசியவர்களில் 71 சதவீதம் பேர், தாங்கள் காணாத, துணைவர் வாயிலாகக் கேட்ட ஏதேனும் ஒரு விவரத்தைத் தாங்களே கண்டதாகப் பின்னர் கூறினார்கள். தொழிற்சாலையில் இதன் அடையாளம் எளிது. நான்கு வாக்குமூலங்களில் ஒரே சொற்றொடர் ஒரே வரிசையில் வந்தால், நான்கு பேர் கண்டதாக அதை எண்ணக் கூடாது. ஒருவர் கண்டு மூவர் கேட்டிருக்கலாம். யார் முதலில் சொன்னார் என்று தேடிப் போனால், பல முறை அது லைன் லீடராகவோ சூப்பர்வைசராகவோ இருக்கும். பதவியில் மூத்தவர் சொன்ன கதையே மற்றவர்களின் நினைவாக மாறுவது இயல்பு.

தகவல் இல்லாத இடத்தில் வதந்தி புகும் வேகத்துக்கு இந்த வழித்தடத்திலேயே சான்று உண்டு. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை என்னவென்று தெரியாத சூழலில், சிலர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி கைபேசிகளில் பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கிப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினார்கள். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடு இருப்பதை வீடியோ அழைப்பில் காட்ட வேண்டியிருந்தது. விடுதியின் நிலை பற்றிய அவர்களின் குறைகள் உண்மையானவை. ஆலை சில வாரம் மூடப்பட்டு, திருத்தங்களுக்குப் பிறகு 2022 ஜனவரியில் திறந்தது. வதந்தியைப் பரப்பியவர்களை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. நடந்ததை உடனே, தெளிவாக, நம்பும்படி சொல்லாத நிர்வாகமே வதந்திக்கு இடம் தருகிறது. விபத்து நடந்த ஷிப்ட்டிலேயே, அடிபட்டவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார், நிலை என்ன என்பதை லைனில் நிற்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அனுபவம் தந்த முதல் விதி.

முடிவு தெரிந்த பின்

ஒரு நிகழ்வின் முடிவு தெரிந்துவிட்டால், அது முன்பே தெரிந்திருந்ததாகத் தோன்றுவது மனித இயல்பு. பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் இதை ஆய்ந்தபோது, 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பை மாணவர்களுக்குத் தந்தார். முடிவு இதுதான் என்று எவருக்கு எது சொல்லப்பட்டதோ, அதுவே அதிகம் நடக்கக் கூடியது என்று அவர்கள் கணித்தார்கள். முடிவைச் சொன்னதால்தான் தங்கள் கணிப்பு மாறியது என்பதை அவர்கள் உணரவில்லை.

பிரஸ் ஷாப்பில் இது இரண்டு விதமாக வருகிறது. முதலாவது, சுற்றி நின்றவர்களிடம். ‘அப்பவே நினைச்சேன், இது ஒருநாள் இப்படித்தான் ஆகும்னு’ என்று சொல்லாத சக ஊழியர் அரிது. நினைத்திருந்தால் எப்போது, யாரிடம் சொன்னார் என்று கேட்பது அவரை மடக்குவதற்காக அல்ல. உண்மையிலேயே சொல்லியிருந்தால் அது லாக் புத்தகத்திலோ, பராமரிப்புப் பிரிவுக்குப் போன சீட்டிலோ, ஒரு வாட்ஸ்ஆப் செய்தியிலோ இருக்கும். இருந்தால் அது விசாரணையின் திசையையே மாற்றும். இல்லாவிட்டால் அது முடிவு தெரிந்த பின் வந்த எண்ணம் என்று தனியே குறிக்க வேண்டும்.

இரண்டாவது விதம் கொடுமையானது. அது அடிபட்டவரிடமே வருகிறது. மருத்துவமனைக் கட்டிலில், கையில் கட்டோடு, ‘என் தப்புதான் சார், கையை விட்டிருக்கக் கூடாது’ என்று அவர் சொல்வார். விரல் போன பிறகு, கையை விட்டது தவறு என்பது அவருக்கே பட்டப்பகல் போலத் தெரிகிறது. கையை விட்ட கணத்தில் அப்படித் தெரியவில்லை. சிக்கிய தகட்டை அதற்கு முன் எத்தனையோ முறை அதே கையால் எடுத்திருக்கிறார். லைன் நிற்கக் கூடாது என்ற நெருக்கடி இருந்தது. எடுப்பதற்குக் குறடோ கொக்கியோ கையருகில் இல்லை. இவற்றையெல்லாம் முடிவு விழுங்கிவிடுகிறது. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால், வேலை போய்விடும் என்ற பயமும் சேர்ந்து கொள்கிறது. தவறை ஒப்புக்கொண்டால் கனிவாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கையும் உண்டு.

‘என் தப்புதான்’ என்ற சொல்லைக் காரணம் என்று எழுதி முடிப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிகப் பெரிய அநீதி. அது வலியிலும் பயத்திலும் பிறந்த, முடிவு தெரிந்த பின்னான தீர்ப்பு. அதைக் கேட்ட பிறகும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ‘மத்த நாள்ல ஷீட் சிக்குனா என்ன செய்வீங்க?’ பழக்கம் பற்றிய நினைவு, அந்த ஒரு கணத்தைப் பற்றிய நினைவைவிட நம்பத் தகுந்தது. ‘எப்பவும் கையாலதான் சார் எடுப்போம். கார்டைத் திறந்தா மெஷின் நின்னுடும், திரும்ப ஓட்ட லேட்டாகும். அதனால இன்டர்லாக்கைக் கட்டி வெச்சிருப்பாங்க’ என்ற விடை வரும்போது, விபத்தின் காரணம் ஒரு மனிதரின் ஒரு கணத்திலிருந்து அந்த ஆலையின் நடைமுறைக்கு நகர்கிறது. அது நகர வேண்டிய இடமும் அதுதான்.

கருவியின் சாட்சியம்

நினைவுக்குத் துணையாகக் கருவிப் பதிவுகள் இருக்கின்றன. சிசிடிவி படம், மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் பதிவு, அடையாள அட்டையைத் தட்டி உள்ளே வந்த நேரம், பராமரிப்புச் சீட்டு ஆகியவை மாறாமல் நிற்பவை. ஆனாலும் இவற்றைக் கண்மூடி ஏற்க முடியாது. கேமராவின் கடிகாரமும் பிஎல்சியின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டாமல், சில நிமிட வித்தியாசத்தில் ஓடுவது வழக்கம். இரண்டையும் ஒரு கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை அன்றே எழுதி வைக்காவிட்டால், நடந்தவற்றின் முன்பின் வரிசை தலைகீழாகிவிடும். படம் கையைக் காட்டும்; ‘சீக்கிரம் ஓட்டு’ என்று பின்னாலிருந்து வந்த குரலைக் காட்டாது.

மனித நினைவுக்கும் நிலையான பதிவுக்கும் உள்ள உறவைக் காட்டும் மிகப் பெரிய நிகழ்வு இந்த வழித்தடத்திலேயே நடந்தது. 1991 மே 21 இரவு 10.20 மணியளவில், ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி குண்டு வெடிப்பில் கொல்லப்பட்டார். அருகில் நின்றவர்கள் பலரும் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களின் நினைவில் பெருவெடி, புகை, ஓட்டம், இருட்டு ஆகியவை இருந்தன. பூங்கொத்தில் குண்டு மறைக்கப்பட்டிருந்தது என்பது போன்ற செய்திகள் முதலில் பரவின. குண்டு எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது என்பதைக் கூட்டத்தின் நினைவிலிருந்து மட்டும் சொல்ல முடியவில்லை.

விடை தந்தவை இரண்டு. முதலாவது, களத்தில் இறந்து கிடந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா. சிதையாமல் மீண்ட அந்தக் கேமராவின் சுருளில் பத்துப் படங்கள் இருந்தன. மாலையோடு காத்திருந்த பெண்ணும், குர்தா-பைஜாமா அணிந்து கையில் குறிப்பேட்டோடு நின்ற ஒருவரும் அவற்றில் இருந்தார்கள். அந்த ஆள், கொலைச் சதியை முன்னின்று நடத்திய சிவராசன் என்பது பின்னர் தெரிந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் சாதாரணமாகக் கடந்து போன முகங்கள் அவை. நடந்தது தெரிந்த பிறகே அவற்றுக்குப் பொருள் வந்தது. இரண்டாவது, தமிழகத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன் செய்த ஆய்வு. உடல்களில் காயங்கள் இருந்த இடம், சிதறிய துணி, பெல்ட்டின் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு, குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்று அவர் நிறுவினார். டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழுவின் வழக்கு இந்தத் தடயங்களிலிருந்தே எழுந்தது. படமும் பொருளும் முதலில் இடத்தையும் வரிசையையும் நிலைநிறுத்தின. மனிதர்கள் சொன்னவை அவற்றின் மேல் பொருத்தப்பட்டன. விபத்து விசாரணையிலும் இந்த வரிசையே சரியானது: முதலில் இடத்தை அப்படியே காத்துப் படமெடுத்தல், அடுத்து கருவிப் பதிவுகளை எடுத்தல், அவற்றோடு மனிதர் சொல்லை ஒப்பிடுதல்.

எழுதுபவரின் கை

சொன்னவர் ஒன்று சொல்ல, எழுதியவர் வேறு ஒன்றை எழுதினால் எல்லாம் வீண். அதே வழக்கே இதற்கும் சான்று தருகிறது. 1991 ஜூனில் கைதான பேரறிவாளனின் ஒப்புதல் வாக்குமூலத்தைத் தடா சட்டத்தின்படி பதிவு செய்தவர் சிபிஐ அதிகாரி வி. தியாகராஜன். 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாக அதில் இருந்தது. அவை எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதவில்லை என்று 2013இல் தியாகராஜன் வெளிப்படையாகச் சொன்னார்; பின்னர் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் அளித்தார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு தண்டனைக் குறைப்பு மனுவில் ஏற்பட்ட தாமதத்தையும் அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவையும் அடிப்படையாகக் கொண்டது. வாக்குமூலத்தின் குறையை அல்ல. எனினும், எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் முப்பது ஆண்டுகளின் எடையைத் தாங்க முடியும் என்பதை வாக்குமூலம் எழுதும் ஒவ்வொருவரும் இதிலிருந்து அறியலாம்.

தொழிற்சாலையில் இந்தப் பிழை தினமும் நடக்கிறது. தொழிலாளி பேச்சுத் தமிழில் சொல்வதை அலுவலர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். ‘மெஷினு தானா இறங்கிடுச்சு’ என்பது, ‘மெஷினை எதிர்பாராமல் இயக்கிவிட்டார்’ என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியமாகிறது. தானாக இறங்கிய மெஷின் கிளட்ச், பிரேக் கோளாறின் அறிகுறி. இயக்கியவர் இருந்தால் அது அவர் குற்றம். ஒரு வாக்கியத்தில் காரணம் மெஷினிலிருந்து மனிதருக்கு மாறிவிட்டது. ஒடியா, இந்தி பேசும் தொழிலாளியிடம், அவருடைய சூப்பர்வைசரையே மொழிபெயர்ப்பாளராக வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தன்மேல் குறை வரக்கூடிய இடத்தை அவர் அறியாமலேயே மென்மையாக்கிவிடுவார்.

கேள்வியின் சொல்லும் நினைவை மாற்றும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் கார் மோதும் படத்தைக் காட்டி, சிலரிடம் கார்கள் ‘நொறுங்க மோதிய’ வேகத்தையும், சிலரிடம் வெறுமனே ‘மோதிய’ வேகத்தையும் கேட்டார்கள். முதல் கேள்வியைக் கேட்டவர்கள் அதிக வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 32 சதவீதம், மற்றதில் 14 சதவீதம். ‘ஏன் கையை விட்ட?’ என்ற கேள்வி, கையை விட்டார் என்பதையும் அது தவறு என்பதையும் ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறது. ‘ஷிப்ட் ஆரம்பத்துல இருந்து நடந்ததைச் சொல்லுங்க’ என்பது எதையும் முடிவு செய்வதில்லை.

ஆண்டுகள் கழிந்த பின்

பெரிய நிகழ்வுகளின் நினைவு அழியாது என்ற நம்பிக்கை பரவலானது. 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் கல்லூரி மாணவர்களிடம் செய்தியை எப்படிக் கேட்டார்கள் என்று எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டபோது, கால்வாசிப் பேரின் விடை எல்லா முக்கிய விவரங்களிலும் தவறாக இருந்தது. பலரும் புதிய விடையில் முழு நம்பிக்கையோடு இருந்தார்கள். தாங்களே எழுதிய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் ஜெனிஃபர் டலாரிகோவும் டேவிட் ரூபினும் செய்த ஆய்வு, அந்த நாளின் நினைவும் சாதாரண நாளின் நினைவும் ஒரே அளவில் பிசகுகின்றன என்று காட்டியது. சாதாரண நாளைப் பற்றி நம்பிக்கை குறைந்தது. அந்தப் பெரிய நாளைப் பற்றி நம்பிக்கை குறையவில்லை. உறுதி வேறு, சரி வேறு.

இந்த வழித்தடத்தில் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பார்க்கும் நாட்கள் விபத்து நாட்கள் மட்டுமல்ல. 2014 நவம்பர் 1இல் நோக்கியா ஆலை மூடப்பட்டதும், 2024 செப்டம்பர் 9இல் சாம்சங் ஆலையில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தமும் அப்படிப்பட்டவை. இத்தகைய நாட்களைப் பற்றிய நினைவில் விவரங்கள் பிசகினாலும், அந்த நாள் ஒருவருடைய வாழ்வில் என்ன செய்தது என்பது பிசகுவதில்லை. எந்த ஷிப்ட், என்ன மணி, கேட்டருகே யார் நின்றார் என்பவை மாறலாம். வேலை போன பின் வாங்கிய கடன், தங்கையின் நின்றுபோன படிப்பு, திரும்பிப் போன ஊர் ஆகியவை மாறா. விபத்து விசாரணை செய்பவர் முதல் வகை விவரத்தைக் கேட்கிறார். வரலாறு எழுதுபவர் இரண்டாவதைக் கேட்கிறார். முதல் வகையில் பிழை இருப்பதால் இரண்டாவதைத் தள்ளிவிடுவது அறியாமை.

கேட்கும் முறை

அனுபவமும் ஆய்வும் சேர்ந்து தரும் நடைமுறை வரிசை இது. முதலில் சிகிச்சை, அடுத்து இடத்தைக் காத்தல். கண்டவர்களை அன்றே, தனித்தனியாக, மற்றவர் கேட்காத அறையில், உயர் அதிகாரி உடனில்லாமல் சந்திக்க வேண்டும். ‘இது யார் மேலயும் பழி போட இல்ல, இன்னொருத்தருக்கு இப்படி ஆகக் கூடாதுன்னுதான்’ என்று சொல்வதோடு நிற்காமல், அதன்படி நடக்கவும் வேண்டும். ஒரு முறை வாக்கை மீறினால் அந்த ஆலையில் அதற்குப் பிறகு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

பேச்சை இடைமறிக்காமல் முழுவதும் விடுவது அடுத்தது. ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் 1980களில் உருவாக்கிய நேர்காணல் முறை இதையே வலியுறுத்துகிறது: இடத்தையும் சூழலையும் மனத்தில் கொண்டுவரச் செய்தல், அற்பமாகத் தோன்றுவதையும் சொல்லச் சொல்லுதல், பின்னிருந்து முன்னாகவும் சொல்லச் செய்தல். மெஷின் அருகே நின்று, கையால் செய்து காட்டச் சொன்னால், வாயால் வராத விவரம் கையில் வரும். மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டும். ‘தெரியாது’ என்ற விடையை மதிக்க வேண்டும். வற்புறுத்தினால் வருவது ஊகம். கண்டது, கேட்டது, நினைத்தது மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். சொன்னவரின் மொழியில், சொன்ன சொல்லில் எழுதி, வாசித்துக் காட்டி, திருத்தச் சொல்லி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். சில நாட்கள் கழித்து வேறாகச் சொன்னால், முதல் தாளை அழிக்காமல் இரண்டாவதைத் தேதியோடு சேர்க்க வேண்டும்.

கண்டவரின் மனநிலை இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. நண்பனின் கை நசுங்கியதைப் பார்த்தவர், இரவில் தூங்க முடியாமல் மறுநாள் அதே மெஷினில் நிற்பதுண்டு. நடந்ததை உடனே முழுவதும் விவரிக்கச் செய்து மனத்தை ஆற்ற முயலும் ஒருமுறை அமர்வை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அருகில் இருத்தல், கேட்டல், வீட்டாரோடு சேர்த்தல், தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புதல் ஆகிய முதலுதவியையே பரிந்துரைக்கிறது. ஆகவே வாக்குமூலத்தை ஆறுதல் என்ற பெயரில் வாங்கக் கூடாது. அவர் நடுங்கிக்கொண்டிருந்தால், இரண்டு வரி மட்டும் எழுதிக்கொண்டு, மீதியை மறுநாள் கேட்கலாம். வேறு மெஷினுக்கு மாற்றக் கேட்டால் மாற்ற வேண்டும்.

கடைசிப் படி, விசாரணையின் முடிவை வாக்குமூலம் தந்தவர்களிடமே திரும்பக் கொண்டுபோவது. காரணம் என்னவென்று கண்டறியப்பட்டது, மெஷினில் என்ன மாற்றம் செய்யப்பட்டது, இனி ஷீட் சிக்கினால் எப்படி எடுக்க வேண்டும் என்பதை அதே லைனில், மூன்று ஷிப்ட்டிலும், அவர்களுக்குப் புரியும் மொழிகளில் சொல்ல வேண்டும். அடிபட்டவர் வேலைக்குத் திரும்பும் நாளில் அவருக்கும் அந்த அறிக்கையைக் காட்ட வேண்டும். ‘என் தப்புதான்’ என்று அன்று சொன்னவர், இன்டர்லாக் கட்டப்பட்டிருந்ததும் குறடு தரப்படாததும் அதில் காரணங்களாக எழுதப்பட்டிருப்பதை வாசிக்கும் உரிமை உடையவர். அதுவரை அந்த விசாரணை முடிந்ததாகக் கொள்ள முடியாது.